பெசன்ட் நகர் மணலில் குத்துச்சண்டை பழகும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

வெயில் ஏறுவதற்கு முன்பே எலியட்ஸ் பீச்சுக்கு வந்துவிடுகிறீர்கள். சாஸ்திரி நகர், இந்திரா நகர் பக்கமிருந்து ஸ்கூட்டரில் வருபவர்கள் உண்டு. ஊரூர் குப்பத்திலிருந்தும் ஓல்காட் குப்பத்திலிருந்தும் நடந்தே வருபவர்கள் உண்டு. உடம்பு இளைக்க வேண்டும் என்று சேர்ந்தவர்கள், மாநிலப் போட்டியில் ஆடியே தீருவேன் என்று சேர்ந்தவர்கள், எல்லாரும் ஒரே மாஸ்டர் முன்னால் ஒரே வரிசையில் நிற்கிறீர்கள். காலையில் நடக்க வரும் நான் ஓரமாக நின்று உங்களைப் பார்ப்பதுண்டு. உங்களில் சிலருடைய பனியனில் முகமது அலி இருக்கிறார். விழுந்து கிடக்கும் சன்னி லிஸ்டனைப் பார்த்து, கையை மடக்கி, வாய் திறந்து கத்தும் அந்தப் படம். 1965 மே 25 அன்று அமெரிக்காவின் லூயிஸ்டன் என்ற சின்ன ஊரில் எடுத்தது.

உலகத்தில் அதிகம் பேர் நெஞ்சில் சுமக்கும் விளையாட்டுப் படங்களில் அது ஒன்று. ஆனால் அது அலியின் வாழ்க்கையில் சில நொடிதான். அதற்கு முன்னும் பின்னும் அவர் எப்படி வாழ்ந்தார் என்பது அந்தப் படத்தில் இல்லை. நீங்கள் சாம்பியன் ஆக நினைக்கிறீர்கள் என்றால், உங்களுக்கு வேண்டியது அந்த மிச்சம்தான். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அலி நம் ஊருக்கு வந்தவர் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1980 ஜனவரியில் அவர் சென்னைக்கு வந்தார். எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்த காலம். பெரியமேட்டில் இருந்த பழைய நேரு ஸ்டேடியத்தில் ரிங் போட்டு, ஜிம்மி எல்லிஸ் என்பவரோடு காட்சிப் போட்டி ஆடினார். அப்போது அவருக்கு வயது 38. ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்திருந்தார். ஆனாலும் நம் ஊர் ஜனம் திரண்டு போய்ப் பார்த்தது. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் வடசென்னையில் இன்னமும் இருக்கிறார்கள். அலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர்கள் முகமே மாறிவிடும்.

அலி என்றதும் எல்லாரும் முதலில் சொல்வது அவருடைய தன்னம்பிக்கையை. உண்மைதான். தானே உலகத்தில் பெரியவன் என்று பகிரங்கமாகச் சொன்னவர். எந்த ரவுண்டில் எதிராளி விழுவான் என்று முன்கூட்டியே அறிவித்தவர். 1964 பிப்ரவரியில் மயாமியில் லிஸ்டனோடு முதல் முறை மோதியபோது பந்தயம் கட்டியவர்கள் ஒன்றுக்கு ஏழு என்று லிஸ்டன் பக்கம் இருந்தார்கள். 22 வயதுப் பையன் தப்பித்து வந்தாலே போதும் என்று பத்திரிகைகள் எழுதின. ஏழாவது ரவுண்டு மணி அடித்தபோது லிஸ்டன் ஸ்டூலை விட்டு எழவில்லை.

அந்தப் பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டு போகிற பிள்ளைகளைப் பல ஊர்களில் பார்க்கலாம். கழுத்தை ஆட்டுவார்கள், எதிரில் நிற்பவனை முறைப்பார்கள், இரண்டாவது ரவுண்டில் மூச்சு வாங்கும். அலிக்கு அந்தப் பேச்சைப் பேசத் தகுதி கொடுத்தது அவருடைய கால்கள். பன்னிரண்டு வயதில், காணாமல்போன சைக்கிளைப் பற்றி ஜோ மார்ட்டின் என்ற போலீஸ்காரரிடம் புகார் சொல்லப் போனவர், அவரிடமே குத்துச்சண்டை பழக ஆரம்பித்தார். அன்றிலிருந்து 1960 ரோம் ஒலிம்பிக் தங்கம் வரை ஆறு வருஷம். அந்த ஆறு வருஷ ஓட்டமும் ஸ்கிப்பிங்கும் ஷேடோவும்தான் மயாமியில் பேசின.

1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில் நடந்ததையும் எடுத்துக்கொள்ளுங்கள். எதிரில் ஜார்ஜ் ஃபோர்மேன். அதுவரை 40 சண்டை, 40-லும் வெற்றி, அதில் 37 நாக்-அவுட். அலி ரோப்பில் சாய்ந்துகொண்டு, கைகளை உயர்த்தி முகத்தை மூடி, ஃபோர்மேனை அடிக்க விட்டார். ஏழு ரவுண்டு அடித்து அடித்து ஃபோர்மேன் ஓய்ந்தார். எட்டாவது ரவுண்டில் விழுந்தார். இதைச் சிலர் ஒரு மாயாஜாலம் மாதிரிச் சொல்வார்கள். ஆனால் பயிற்சியிலேயே ரோப்பில் சாய்ந்து நின்று, ஸ்பாரிங் ஆட்களிடம் தன்னை அடிக்கச் சொல்லி உடம்பைப் பழக்கியவர் அவர். எவ்வளவு தாங்கும் என்பது அந்த உடம்புக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்த ஒன்றின் மேல் நிற்பதுதான் தன்னம்பிக்கை.

மணலில் ஓடும்போது கெண்டைக்கால் எரிகிறது என்று நீங்கள் முனகுவது காதில் விழுகிறது. ரோட்டில் ஓடுவதைவிட மணலில் ஓடுவது கஷ்டம்; ஒவ்வொரு அடியிலும் கால் புதைகிறது, தள்ளி எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. மூன்று நிமிஷம் வீதம் மூன்று ரவுண்டு என்பது இன்றைய ஒலிம்பிக் ஆட்டம். அந்த ஒன்பது நிமிஷத்துக்கான தைரியத்தை இங்கே, யாரும் கைதட்டாத இந்தக் காலையில் சேர்க்கிறீர்கள். அப்படிச் சேர்த்தவருக்குச் சத்தம் போட வேண்டிய அவசியம் வராது. போட்டாலும் பரவாயில்லை, அது வெறும் சத்தமாக இருக்காது.

அடுத்து, கடவுள் நம்பிக்கை. நீங்கள் பயிற்சி செய்யும் இடத்தில் இதைப் பேசாமல் இருக்க முடியாது. தெற்கே பார்த்தால் வேளாங்கண்ணி மாதா கோயில், அதைத் தாண்டி அஷ்டலட்சுமி கோயில், பக்கத்திலேயே அறுபடை வீடு. போட்டிக்குப் போவதற்கு முன் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போகிறவர்களும் உங்களில் உண்டு, திருநீறு பூசிக்கொண்டு போகிறவர்களும் உண்டு, தொழுதுவிட்டு வருபவர்களும் உண்டு. நல்ல பழக்கம், விடாதீர்கள். ஆனால் ஒன்றை யோசியுங்கள். எதிர் மூலையில் நிற்கும் பிள்ளையும் கும்பிட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறது. ஜெயிக்க வை என்று மட்டும் கேட்டால், இரண்டு பேரில் ஒருவருக்குக் கடவுள் இல்லை என்று ஆகிவிடும்.

அலி தன் மதத்திடம் வெற்றியை மட்டும் கேட்டவர் அல்ல. 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டனில் ராணுவத்தில் சேர அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். வியட்நாம் போருக்குப் போக என் மதம் இடம் கொடுக்காது என்று அவர் அசையாமல் நின்றார். சாம்பியன் பட்டம் போயிற்று. ஆடுவதற்கான லைசென்ஸ் போயிற்று. ஐந்து வருஷச் சிறை, பத்தாயிரம் டாலர் அபராதம் என்று தீர்ப்பு வந்தது. அப்பீல் நடந்ததால் சிறைக்குப் போகவில்லை. ஆனால் 25 வயதிலிருந்து 28 வயது வரை, ஒரு குத்துச்சண்டை வீரனின் உடம்பு உச்சத்தில் இருக்கும் மூன்றரை வருஷம், ரிங் ஏற முடியவில்லை. பல்கலைக்கழகங்களில் பேசிப் பிழைப்பு நடத்தினார். 1971 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதற்கு மூன்று மாதம் முன்புதான் ஜோ ஃப்ரேசியரிடம் வாழ்க்கையின் முதல் தோல்வியைச் சந்தித்திருந்தார்.

கவனியுங்கள். நம்பிக்கைக்காக எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்த மனிதனுக்குத் திரும்பி வந்த சில மாதங்களிலேயே கிடைத்தது தோல்வி. அவர் நம்பிக்கை அதனால் குறையவில்லை. ஒரு வீரனுக்குக் கடவுள் நம்பிக்கை செய்யும் வேலை இதுதான்: ஜெயித்தால் தலைகால் புரியாமல் போகவிடாது, தோற்றால் தரையோடு தரையாகப் போகவிடாது.

நம் நாட்டிலும் இதற்குச் சாட்சிகள் உண்டு. மணிப்பூரின் காங்காத்தேய் கிராமத்தில் பிறந்த மேரி கோம் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர். இரட்டைக் குழந்தைகள் பெற்ற மறு வருஷம், 2008-ல், சீனாவின் நிங்போவில் நான்காவது உலகப் பட்டம் வென்றார். பெண்கள் குத்துச்சண்டை முதன்முதலாக ஒலிம்பிக்குக்கு வந்த 2012-ல் அவருடைய எடைப் பிரிவே அங்கே இல்லை. 51 கிலோவுக்கு ஏறி, தன்னைவிட உயரமான, கனமான பெண்களோடு ஆடி வெண்கலம் வாங்கினார். 2018-ல் டெல்லியில் ஆறாவது உலகப் பட்டம் வாங்கியபோது வயது 35. தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் ஒரு முஸ்லிம் வீட்டில் பிறந்த நிகத் ஜரீன், அரை டிராயர் போட்டு ஆடுகிறாளே என்ற ஊர்ப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர். 2019 டிசம்பரில் ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்கான தேர்வில் மேரி கோமிடம் 9-1 என்று தோற்றார். 2022-ல் இஸ்தான்புல்லிலும் 2023-ல் டெல்லியிலும் உலக சாம்பியன் ஆனார். தங்கைகளே, வீட்டில் யாராவது முகத்தில் அடிபட்டால் யார் கட்டிக்கொள்வார்கள் என்று கேட்டால், வாதம் செய்ய வேண்டாம். நிகத்தின் அப்பா ஜமீல் அகமதுதான் மகளை முதலில் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போனவர் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்போது பெருமைக்கு வருகிறேன். தன்னம்பிக்கை, கடவுள் நம்பிக்கை, பெருமை என்ற மூன்றில் இதுதான் கஷ்டமானது. அலியே தடுமாறிய இடம் இது.

அலிக்கு லைசென்ஸ் இல்லாத காலத்தில் அவருக்காகப் பேசியவர் ஜோ ஃப்ரேசியர். பணமும் கொடுத்து உதவியிருக்கிறார். அந்த ஃப்ரேசியரைத்தான் பின்னால் அலி ஊர் முழுக்க இழிவாகப் பேசினார். 1975-ல் மணிலா போட்டிக்கு முன்னால் கொரில்லா என்று கூப்பிட்டு, ரப்பர் பொம்மையை வைத்துக் கேலி செய்தார். டிக்கெட் விற்பதற்கான பேச்சு என்று சிலர் சொன்னார்கள். ஃப்ரேசியரின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அந்தக் கேலியைக் கேட்க வேண்டியிருந்தது. அந்தக் காயத்தை ஃப்ரேசியர் பல பத்தாண்டுகள் சுமந்தார். 2001-ல் அலி பத்திரிகை வழியாக மன்னிப்புக் கேட்டார். 2011-ல் ஃப்ரேசியர் இறந்தபோது, உடம்பு நடுங்க நடுங்க, இறுதிச் சடங்குக்குப் போய் நின்றார்.

அந்த மணிலா சண்டையில் நான் உங்களை நினைவில் வைக்கச் சொல்வது அலியை அல்ல, ஃப்ரேசியரை அல்ல. பதினான்கு ரவுண்டு முடிந்தது. ஃப்ரேசியருக்குக் கண் வீங்கி மூடிவிட்டது. இன்னும் ஒரே ஒரு ரவுண்டு. ஃப்ரேசியர் ஆடுகிறேன் என்கிறார். அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் அவரை உட்கார வைத்து, போதும் என்று ஆட்டத்தை நிறுத்தினார். உலகப் பட்டம் மூன்று நிமிஷத் தூரத்தில் இருந்தது. அதைவிடத் தன் பையனின் உயிர் பெரியது என்று ஒரு மனிதர் அந்த ஒரு நிமிஷ இடைவேளையில் முடிவெடுத்தார். குத்துச்சண்டையில் எனக்குத் தெரிந்த மிகப் பெருமையான காரியம் அதுதான். அதைச் செய்தவர் அன்று ஒரு குத்துக்கூட விடவில்லை.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நேரு ஸ்டேடியம் ரிங்கில் 1980-ல் நின்ற இரண்டு பேருக்கும் பின்னால் என்ன ஆயிற்று என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அலியும் எல்லிஸும் லூயிவில் என்ற ஒரே ஊர்க்காரர்கள். சின்ன வயதிலிருந்து ஒன்றாகப் பழகியவர்கள். அலியிடமிருந்து பட்டத்தைப் பறித்தபோது, காலியான அந்தப் பட்டத்துக்கு நடந்த போட்டிகளில் ஜெயித்து 1968-ல் டபிள்யூ.பி.ஏ. ஹெவிவெயிட் சாம்பியன் ஆனவர் எல்லிஸ். சென்னையில் நட்போடு ஆடிவிட்டுப் போன அதே 1980 அக்டோபரில், அலி மறுபடி ரிங் ஏறி லாரி ஹோம்ஸிடம் மோசமாக அடிவாங்கினார். பத்தாவது ரவுண்டு முடிந்ததும் அலியின் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி ஆட்டத்தை நிறுத்தினார். 1984-ல் அலிக்கு பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக் தீபத்தை அவர் ஏற்றியபோது கை நடுங்கியதை உலகமே பார்த்தது. எல்லிஸ் கடைசிக் காலத்தில் மறதி நோயில் விழுந்து 2014-ல் இறந்தார். 2016 ஜூன் 3 அன்று அலியும் போனார்.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. இந்த ஆட்டத்தை நேசிப்பவர்கள் இதை மறைக்கக்கூடாது. தலையில் வாங்கும் அடி சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் தலையில் அடிபட்டு ஆட்டம் நிறுத்தப்பட்டவரைச் சில வாரங்களுக்கு மறுபடி ஆட விடக்கூடாது என்று அமெச்சூர் விதிகள் இருக்கின்றன. ஸ்பாரிங்கில் உங்களைவிடச் சின்னவனிடம் முழு பலத்தையும் காட்டாதீர்கள். அடிபட்ட பிறகு தலைவலி, வாந்தி, கண் மங்கல் என்று ஏதாவது இருந்தால், மாஸ்டர் என்ன நினைப்பாரோ என்று மறைக்காதீர்கள். நண்பன் மறைத்தால் நீங்கள் போய்ச் சொல்லுங்கள். பிறரைக் காப்பதும் வீரம்தான். உங்கள் எதிரில் இருக்கும் அந்த ஷ்மிட் நினைவிடம், 1930 டிசம்பர் 30 அன்று இந்தக் கடலில் பிறரைக் காப்பாற்றப் போய் மூழ்கி இறந்த ஒரு மனிதருக்காகக் கட்டியது. வீரத்துக்காக இந்தக் கரையில் எழுப்பிய கட்டடம் அது. யாரையும் அடித்து வீழ்த்தியதற்காக எழுப்பியது அல்ல.

பெருமைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நீங்கள் பழகும் ஆட்டம் உங்களோடு தொடங்கவில்லை. சென்னைக் குத்துச்சண்டையை வளர்த்தது வடசென்னை. ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டைப் பக்கத்து மீனவர்கள், துறைமுகத் தொழிலாளர்கள், பெரம்பூர்ப் பக்கத்து ஆங்கிலோ இந்தியர்கள். பகலெல்லாம் மூட்டை தூக்கிவிட்டு, சாயங்காலம் வாத்தியார் முன்னால் நின்றவர்கள். சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று அணி அணியாகப் பிரிந்து, ரோசமான குத்துச்சண்டை என்று அதற்கு ஒரு பெயரும் வைத்து ஆடினார்கள். கித்தேரி முத்து என்ற வீரர், நாட் டெர்ரி என்பவரோடு மோதிய கதையை அங்கே இன்றும் சொல்வார்கள். இயக்குநர் பா. ரஞ்சித் இதைப் படமாக எடுத்து 2021-ல் வெளியிட்ட பிறகுதான் அடையாறுக்குத் தெற்கே பலருக்கு அந்தப் பெயர்களே தெரியவந்தன. அதற்கு முன்பு குத்துச்சண்டைக்காரன் என்றால் ரவுடி என்று சொல்லிக் கதவைச் சாத்திய தெருக்கள் இந்தப் பக்கம் நிறைய.

அந்தச் சாத்திய கதவுகளுக்கு நடுவில்தான் வி. தேவராஜன் வந்தார். சென்னைப் பையன். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆடினார். 1994-ல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பைக் குத்துச்சண்டையில் வெண்கலம் வென்றார். அடுத்த வருஷம் அர்ஜுனா விருது. கிரிக்கெட் வீரர்களின் பெயரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் ஊர் இது. தேவராஜனின் பெயரைச் சொல்ல உங்களில் எத்தனை பேரால் முடியும்? பனியனில் அலி இருப்பது சந்தோஷம்தான். மனதில் தேவராஜனுக்கும் ஓர் இடம் வையுங்கள். அலி தூரத்தில் இருக்கிற மலை. தேவராஜன் நம் பஸ்ஸில் நம்மோடு நின்று போன மனிதர். அவருக்கு முடிந்திருக்கிறது என்றால் உங்களுக்கும் முடியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் ஆட்டமே கொஞ்ச காலம் முன்பு அந்தரத்தில் தொங்கியது. நிர்வாகச் சீர்கேடு, பணக் குழப்பம், நடுவர்கள் மேல் சந்தேகம் என்று சேர்ந்து, 2023 ஜூனில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி பழைய சர்வதேசக் குத்துச்சண்டைச் சங்கத்தின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. பாரிஸ் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டைப் போட்டிகளை ஒலிம்பிக் கமிட்டியே நடத்த வேண்டியிருந்தது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை இருக்கும் என்று உறுதியானது 2025 மார்ச்சில்தான். எந்த எதிராளியும் இந்த ஆட்டத்தை அந்த நிலைக்குக் கொண்டுபோகவில்லை, உள்ளே இருந்தவர்கள்தான் கொண்டுபோனார்கள். வயதைக் குறைத்துச் சர்டிபிகேட் வாங்குவது, ஊக்கமருந்து, தெரிந்தவர் நடுவர் என்பதற்காகச் சிரித்துக்கொண்டு தவறான முடிவை வாங்கிக்கொள்வது, இவையெல்லாம் பெரிய இடத்தில் மட்டும் நடப்பவை அல்ல. மாவட்டப் போட்டியிலேயே ஆரம்பிக்கும். நீங்கள் மறுத்தால் உங்கள் அளவில் அங்கேயே முடியும்.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

ரிங்குக்கு வெளியே கையை ஓங்காதீர்கள். டிராஃபிக்கில் யாராவது திட்டினாலும், காலேஜில் யாராவது சீண்டினாலும், விட்டுவிட்டு வாருங்கள். உங்கள் ஒரு குத்து தெருவில் விழுந்தால், ரவுடி என்ற பழைய சொல் மறுபடியும் எல்லார் மேலும் விழும்.

வருஷத்துக்கு ஒரு முறையாவது வடசென்னையில் நடக்கும் போட்டியைப் போய்ப் பாருங்கள். ஆடுவதற்கு மட்டும் போகாதீர்கள். உட்கார்ந்து பார்த்து, வயதான வாத்தியார்கள் இருந்தால் அவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். அவர்களுக்குத் தெரிந்ததை யாரும் முழுதாக எழுதி வைக்கவில்லை.

ஸ்கூட்டரில் வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்தில் நிற்கும் குப்பத்துப் பிள்ளைக்குக் கிழிந்த க்ளவுஸ் என்றால் உங்களுடையதைக் கொடுங்கள், தானமாக அல்ல, ஒரே அணிக்காரர் என்ற உரிமையில். குப்பத்துப் பிள்ளைகளே, அதை வாங்கிக்கொள்ளக் கூச்சப்படாதீர்கள். கடலில் வளர்ந்த உங்கள் தோளும் கையும் இந்த அணிக்கு நீங்கள் கொண்டுவரும் பங்கு. மணல் எல்லாருக்கும் ஒன்றுதான், மணி அடித்த பிறகு பின்கோடு கேட்பவர் யாரும் இல்லை.

ஆட்டம் முடிந்ததும் எதிராளியின் மூலைக்குப் போய், முதலில் அவர் மாஸ்டரின் கையைத் தொட்டுவிட்டு, பிறகு எதிராளியை அணைத்துக்கொள்ளுங்கள். ஜெயித்திருந்தாலும், தோற்றிருந்தாலும், நடுவர் தப்பாகவே சொல்லியிருந்தாலும். எதிராளி வரவில்லை என்றால் உங்களுக்குப் போட்டியே இல்லை.

உங்களில் ஒருவர் என்றாவது உலக சாம்பியன் ஆகலாம். ஆக வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். ஆனால் பெரும்பாலானவர்கள் ஆகமாட்டீர்கள். வேலை, குடும்பம், அலுவலகம் என்று போய்விடுவீர்கள். அப்போதும் இந்த ஆட்டத்துக்கு நீங்கள் வேண்டும். மகளைப் பயிற்சிக்கு அழைத்து வரும் அப்பாவாக, பிள்ளையின் தலைவலியைக் கவனிக்கும் அம்மாவாக, சரியான புள்ளி போடும் நடுவராக, போதும் என்று நிறுத்தத் தெரிந்த மாஸ்டராக. இந்த ஊரில் குத்துச்சண்டையை மரியாதையோடு நிலைநிறுத்தப்போவது அவர்கள்தான். பதக்கம் வருகிறதோ இல்லையோ, நான் குத்துச்சண்டை ஆடியவன், ஆடியவள் என்று தலை நிமிர்ந்து சொல்லும்படி இன்றைய காலையை ஆடுங்கள்.

அன்புடன்,
காலையில் உங்கள் ஓரமாக நடந்து போகும்
பெசன்ட் நகர்க்காரர் ஒருவர்